மீட்டருக்குப் பின்னால் யார் பொறுப்பு?

“செருப்பக் கழட்டாதீங்க தம்பி, அப்படியே உள்ள வாங்க.”

பல்லடம் பக்கத்துக் காலனி ஒன்றில், தொகுப்பு வீட்டு வாசலில் நின்ற என்னிடம் அந்த அம்மா சொன்னது இது. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. கூரையில் காறை பெயர்ந்து கம்பி தெரிந்தது. சுவர் இன்னும் ஈரமாக இருந்தது. சுவிட்ச் போர்டைத் தொடவே வேண்டாம், பக்கத்துச் சுவரில் கை பட்டாலே ‘ஜிவ்’வென்று இழுக்கிறது. “மழக் காலத்துல சின்னப் புள்ளைங்களக்கூட ஊட்டுக்குள்ள செருப்போடதானுங்க விடறேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே மாவட்டத்தில், மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில், 2023 டிசம்பரில்தான் அருந்ததியர் மக்கள் ஆதிக்கச் சாதியினர் வாழும் தெருவில் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தார்கள். தெருவில் செருப்புப் போடக்கூடாது என்றால் அது தீண்டாமை. அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, கூட நடக்க இயக்கங்கள் இருக்கின்றன. சொந்த வீட்டில் செருப்பைக் கழற்ற முடியவில்லை என்பதை நாம் இன்னும் ஒரு மனுவாகக்கூட எழுதவில்லை.

தீப்பிடிக்காத வீடு

தாட்கோ நிறுவனம் 1974இல் தொடங்கப்பட்டபோது அதற்குத் தரப்பட்ட முதன்மையான வேலை, ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகளைக் கட்டித் தருவது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து கருகி ஆறாண்டுகள் நிறைவடையாத காலம் அது. ஓலைக்குப் பதில் ஓடும் கான்கிரீட்டும் வந்தது சாதாரண விஷயமல்ல. பின்னர் 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டமும் முதலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே வந்தது. இன்று நம் காலனிகளில் நிற்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை இப்படி அரசு கட்டியவை.

அந்த வீடுகளுக்கு மின்சாரம் வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். குடிசைகளுக்கான ‘ஒரு விளக்குத் திட்டம்’ ஒரு 40 வாட் பல்பை மனதில் வைத்தது. தொகுப்பு வீடுகளுக்கும் அதைவிடப் பெரிதாக யாரும் கணக்குப் போடவில்லை. நான் பார்த்த வீடுகளில் எல்லாம் ஒரே கதைதான்: சுவரில் மரச்சட்டம், அதன்மேல் விளக்குக்கான மெல்லிய வயர், ஒரு பியூஸ் கட்டை. எர்த் கம்பி கிடையாது.

அதன்பின் அரசே பொருள்களைக் கொடுத்தது. 2006இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. வேண்டாத பொருள்கள் என்று சொல்ல மாட்டேன். ஆட்டுக்கல்லில் இடுப்பொடிந்த பெண்களுக்கு அவற்றின் அருமை தெரியும். 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. பிறகு நாமே பிரிட்ஜ் வாங்கினோம், அயர்ன் பாக்ஸ் வாங்கினோம். கம்பெனிக்குப் போக முடியாத பெண்கள் தவணையில் ஓவர்லாக் மெஷின் வாங்கி வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார்கள். ஒரு 750 வாட் அயர்ன் பாக்ஸ் இழுக்கும் மின்சாரம் பதினெட்டுப் பல்புகளுக்கு மேல். வயர் மட்டும் ஒரு பல்புக்குப் போட்ட அதே வயர். அது சூடாகி, மேலுறை உருகி, ஈரச் சுவரில் கசிகிறது.

பியூஸ் இருக்கிறதே என்பார்கள். பியூஸ் வயரைத்தான் காக்கும், மனிதரைக் காக்காது. 5 ஆம்பியர் பியூஸ் எரிவதற்கு 5 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆளைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்கு போதும். உயிர் காப்பதற்கென்று இருப்பது ஆர்.சி.சி.பி. என்கிற கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். விலை 2,000 ரூபாய் சுமாருக்கு வரும். இன்று புதிய இணைப்புக்கு இது கட்டாயம் என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்திருக்கிறது. பழைய காலனி வீட்டுக்கு யார் கொண்டுவந்து மாட்டுவார்கள்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி நாட்டில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் சாகிறார்கள். செய்தித்தாளில் அது ‘மின்சாரம் தாக்கி பெண் பலி’ என்று நான்கு வரி. அந்த வயரை யார் போட்டது, எந்த ஆண்டு போட்டது என்று அந்த நான்கு வரியில் இருக்காது.

ஆடிட் இல்லாத இடம்

வங்கதேசத்தில் 2013இல் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தபின், ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் பையர் ஆடிட் கடுமையானது. பேனல் போர்டைத் திறந்து பார்க்கிறார்கள், தொங்கும் வயரைப் படம் பிடிக்கிறார்கள், தீயணைப்பானின் தேதியைப் பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் பகலெல்லாம் அந்த விளக்கின் கீழ் செக்கிங் பார்க்கும் பெண், இரவில் திரும்பி வருவது சுவரில் கரண்ட் அடிக்கும் வீட்டுக்கு. பிசிறு வெட்ட அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் பீஸ்கள்கூட அந்த வீட்டில்தான் கிடக்கின்றன. ஆடிட்காரரின் கண் கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது.

அதிகாரிகளிடம் கேட்டால் ஒரே பதில்: “மீட்டர் வரைக்கும் வாரியம், மீட்டருக்குப் பின்னாடி வீட்டுக்காரர் பொறுப்பு.” விதி அப்படித்தான். வங்கிக் கடனில் வீடு கட்டியவருக்கு அந்த விதி நியாயம். வீட்டைக் கட்டியதும் அரசு, வயர் போட்டதும் அரசு, அந்த வயரில் மாட்டப் பொருள் கொடுத்ததும் அரசு என்றிருக்கும்போது, கசிவு மட்டும் எப்படி வீட்டுக்காரருடையது ஆகும்? சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை கடன் அடைக்கும் குடும்பம், வீடு முழுக்க வயர் மாற்ற எங்கே போகும்? மீட்டர் இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும் வீடுகள் பல. மெஷின் ஓடுவது தெரிந்தால் அபராதம் போடுவார்களோ என்ற பயத்தில் புகார் சொல்லாத பெண்களும் உண்டு.

2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய இரண்டரை லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்ப்பதாக 2024இல் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டிய திட்டம். காறையும் பூச்சும் மட்டும் பழுதல்ல, வயரிங்கும் பழுதே. மீட்டர் தொடங்கிக் கடைசி பிளக் வரை புது வயர், எர்த் குழி, ஆர்.சி.சி.பி. என ஒவ்வொரு வீட்டு மதிப்பீட்டிலும் தனி வரி இருக்க வேண்டும். அது ‘ஊரக’த் திட்டம் என்பதையும் கவனிக்க வேண்டும். நல்லூர், 15 வேலம்பாளையம் நகராட்சிகளோடு சுற்றியிருந்த ஊராட்சிகளும் 2011இல் திருப்பூர் மாநகராட்சியில் சேர்ந்தன. அங்குள்ள பழைய காலனிகள் பெயரளவில் நகரமாகி, இந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்கு அயோத்திதாசப் பண்டிதர் மேம்பாட்டுத் திட்டத்திலிருந்தோ துணைத்திட்ட நிதியிலிருந்தோ ஒதுக்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டமே 2024இல் வந்துவிட்டது. வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் படித்துவிட்டு பனியன் கம்பெனியில் பேக்கிங் செய்யும் நம் பிள்ளைகள் காலனிக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் மேற்பார்வையில் அவர்களுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம்.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். நாட்டின் மின்சாரக் கொள்கையும் அவர் பொறுப்பில் இருந்தது. மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் ஏழைகளின் வறுமை தீராது என்பது அவர் நிலைப்பாடு. அந்த மின்சாரம் நம் சுவர்வரை வந்துவிட்டது. அது பாதுகாப்பாக வருகிறதா என்று கேட்பது நம் வேலை.

அடுத்த கிராம சபையில், வார்டு சபையில் ஒரு தீர்மானம் எழுதுங்கள்: ‘எங்கள் காலனியில் அரசு கட்டிய வீடுகள் அனைத்திலும் மின்கசிவுச் சோதனை செய்து, அரசு செலவில் வயரிங்கை மாற்றித் தர வேண்டும்.’ வீட்டு எண்களையும் கட்டிய ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். கம்பத்திலிருந்து மீட்டர் வரை கோளாறு என்றால் மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை, துணி காயப்போடும் இரும்புக் கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றாதீர்கள். குழாயில் எர்த் கொடுக்காதீர்கள்.

இவையெல்லாம் தற்காலிக ஏற்பாடுகள், குழந்தைகளின் காலில் கிடக்கும் அந்தச் செருப்பைப் போல. அவர்கள் அதைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குள் ஓட வேண்டும். அதற்கான செலவை அரசு ஏற்க வேண்டும்.