வறட்சி காத்தது, கரை காக்கவில்லை

பூகம்பம் என்றவுடன் இடிந்த வீடுகளும் விழுந்த மாடிகளுமே நினைவுக்கு வரும். ஏரிக் கரையை யாரும் நினைப்பதில்லை. ஆனால் ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் விவசாயிக்கு ஆஸ்பத்திரியும் மின்சாரமும் எவ்வளவு அவசியமோ, அந்தக் கரையும் அவ்வளவு அவசியம். அது போனால் பயிரோடு ஊரும் போய்விடும்.

2001-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, குடியரசு தினத்தன்று காலையில், குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. அதன் அளவு 7.7. பதின்மூன்றாயிரத்துக்கும் அதிகமான மக்கள் மாண்டனர். அடிபட்டவர்களைக் கொண்டுபோக வேண்டிய புஜ் நகர ஆஸ்பத்திரியே இடிந்து கிடந்தது. துணை மின் நிலையக் கட்டிடங்கள் சேதமடைந்தன. மின்சாரம் நின்றதும் ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீர் இருந்தும் இறைக்க வழியில்லை.

இந்தச் சேதங்கள் எல்லோருக்கும் தெரிந்தன. அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. அது அந்த மாவட்டத்தின் பாசன மண் அணைகளுக்கு நேர்ந்த கதி.

கரை ஏன் சரிந்தது?

சாங், பதேகட், கஸ்வதி, சுவி, தாபர், சிவ்லகா, ருத்ரமாதா ஆகிய அணைகள் பல அளவில் சேதமடைந்தன. 1959-ல் கட்டப்பட்ட சாங் அணை சுமார் 15 மீட்டர் உயரம். அதன் கரை ஏறக்குறைய முழுவதும் சரிந்து அமுங்கிப் போயிற்று. மற்ற அணைகளில் கரையின் நீளவாட்டில் வெடிப்புகள் கண்டன. தண்ணீர்ப் பக்கத்துச் சரிவு நழுவியது.

கரைக்கு அடியில் இருந்த தளர்ந்த வண்டல் மணல்தான் பல இடங்களில் காரணம். அணையில் நின்ற நீரால் அந்த மணல் ஊறியிருந்தது. நிலம் குலுங்கும்போது மணல் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கப் பார்க்கின்றன. இடையில் அகப்பட்ட தண்ணீர் உடனே வெளியேற முடிவதில்லை. அதன் அழுத்தம் ஏற ஏற மணல் தன் பிடிப்பை இழந்து குழம்பாகிவிடுகிறது. தொளி அடித்த வயலில் கால் வைத்தால் புதைவதுபோல், மேலே நிற்கும் கரையும் புதைந்து சரிகிறது. கரை மண்ணை எவ்வளவு கெட்டியாக இடித்துப் போட்டிருந்தாலும், அஸ்திவாரம் தளர்வாக இருந்தால் பயனில்லை.

இத்தனை நடந்தும் கீழே இருந்த ஊர்களை வெள்ளம் அடித்துப் போகவில்லை. கட்ச் பகுதியில் அப்போது வறட்சி. அணைகளில் தண்ணீர் மிகக் குறைவாகவே இருந்தது. விவசாயிகளை வாட்டிய வறட்சியே அன்று உயிர்களைக் காத்தது.

தண்ணீர் நிறைந்திருந்த அணை

தண்ணீர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஜப்பான் காட்டியது. 2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி அங்கே 9.0 அளவுள்ள பூகம்பம் நேர்ந்தது. புகுஷிமா மாகாணத்தில் புஜினுமா என்ற பாசன மண் அணை இருந்தது. 1949-ல் கட்டி முடிந்த அணை, உயரம் 18.5 மீட்டர். நெல் நடவுக்கு முன்பாக நீர் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. அணை உடைந்து தண்ணீர் கீழே இருந்த வீடுகளை அடித்துச் சென்றது. ஏழு பேர் இறந்தனர். ஒருவர் காணாமல் போனார்.

அமெரிக்காவில் 1971-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி கீழ் சான் பெர்னாண்டோ அணையின் தண்ணீர்ப் பக்கத்துச் சரிவும், கரையின் உச்சியும் நழுவி விழுந்தன. நீருக்கு மேலே மிஞ்சியது சுமார் ஐந்தடி உடைந்த மண்தான். கீழே இருந்த 80,000 பேரை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். அங்கும் நீர்மட்டம் வழக்கத்தைவிடத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்ததே விபத்தைத் தடுத்தது.

கட்சில் மழை பொய்த்ததால் மக்கள் தப்பினர். சான் பெர்னாண்டோவில் மட்டத்தைக் குறைத்து வைத்ததால் தப்பினர். முன்னது அதிர்ஷ்டம், பின்னது மனிதர் செய்த ஏற்பாடு. அதிர்ஷ்டத்தை நம்பி விவசாயம் செய்யலாம். அதிர்ஷ்டத்தை நம்பி ஏரிக்கரையை விட்டுவைக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு என்ன?

கட்ச் போன்ற பூகம்ப ஆபத்து தமிழ்நாட்டுக்கு இல்லை என்பது சரிதான். ஆயினும் 1900-ம் ஆண்டு பிப்ரவரியில் கோவைப் பகுதியில் சுமார் 6 அளவில் பூகம்பம் நேர்ந்திருக்கிறது. 2001 செப்டம்பரில் புதுவைக்கு அருகே கடலில் 5.5 அளவில் ஒன்று வந்தது. 2002-ல் திருத்திய வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ள மாநிலம் இது. என்றோ வரும் பூகம்பத்துக்காக இத்தனை கரைகளுக்கும் செலவு செய்ய முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பூகம்பத்தில் கரையைச் சரிக்கும் பலவீனங்களில் பல, ஐப்பசி கார்த்திகை வெள்ளத்திலும் கரையை உடைப்பவையே. கசிவும் எலி வளையும் பழைய வெடிப்பும் பூகம்பம் வரும்வரை காத்திருப்பதில்லை. ஆகவே கரைக்குச் செய்யும் செலவு வீண் போகாது.

விவசாயிகள் தாங்களே கவனிக்கக்கூடியவை சில உண்டு. கோடையில் வண்டல் எடுக்கும்போது கரையின் உள் அடிவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது. அந்த மண்தான் சரிவைத் தாங்கி நிற்கிறது. ஏரி நிரம்பியிருக்கும்போது கரையின் வெளிப்புற அடிவாரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் கசிந்தால் கவனித்து வர வேண்டும். கலங்கிய நீர் வந்தால் கரையின் மண்ணே கரைந்து வருகிறது என்று பொருள், உடனே நீர்வளத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கரையில் வேலிக்கருவை மரமாக வளர விடக் கூடாது. பூமி அதிர்ந்தது தெரிந்தால் கரையில் வெடிப்பு உண்டா, மதகு நிலை மாறியதா என்று பார்க்க வேண்டும். பயந்து மதகை முழுதும் திறந்து நீரை வேகமாக இறக்குவதும் ஆபத்து. ஊறிய உள்சரிவு நழுவிவிடும். அதிகாரிகள் சொல்படி படிப்படியாக இறக்குவதே நல்லது.

ஆனால் அஸ்திவார மண்ணைச் சோதிப்பதும், பெரிய கரைகளைப் பலப்படுத்துவதும் விவசாயிகளால் ஆகிற காரியம் அல்ல. அது சர்க்காரின் பொறுப்பு. எல்லா ஏரிகளையும் ஒரே சமயத்தில் எடுக்க வேண்டியதில்லை. உயர்ந்த கரையும் அதன் கீழே ஊரும் உள்ள ஏரிகளை முதலில் எடுக்கலாம்.

புஜ் நகரில் இடிந்த ஆஸ்பத்திரிக்குப் பதிலாக, அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் தாங்கிகளின் மேல் புதிய ஆஸ்பத்திரி எழும்பியது. 2004-ல் அது திறக்கப்பட்டது. அத்தியாவசியம் என்று கருதியதால் அதற்குப் பணமும் வழியும் கிடைத்தன. கிராமத்து ஏரியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதே கட்ச் கற்றுத் தரும் பாடம். வெள்ளம் வருமுன் அணை கோலச் சொன்னார்கள் பெரியவர்கள். கோலிய அணை நிற்குமா என்று பார்த்துக்கொள்வதும் அதே வேலையின் பாதிதான்.