தலைப்பாகையோடு போகாதது

“தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்று சொல்லி ஆறுதல்படுவது எங்களுடைய பழைய பழக்கம். தலையில் அடிபட்டவர் விடயத்திலாவது இந்தப் பழமொழியை நாம் கைவிட வேண்டும்.

நான் வேலை செய்யும் குசினியில் சென்ற மாரியில் ஒரு அண்ணை எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்தார். பின்மண்டை கழுவும் தொட்டியின் விளிம்பில் மோதியது. இரத்தம் வரவில்லை. முதலாளி ஐஸ் கொடுத்தார். நாங்கள் பகிடி விட்டோம். பழமொழியைச் சொன்னவன் நான்தான். மறுநாள் அவர் வேலைக்கு வந்தார். பிறகு அடுப்பில் வைத்ததை மறந்தார். கோப்பைகள் மோதும் சத்தம் தாங்காமல் காதைப் பொத்தினார். பிள்ளைகளை ஒருநாளும் ஏசாதவர் அவர்களில் பாய்ந்தார். எங்கள் ஆட்கள் மூன்று தீர்ப்பு எழுதினார்கள்: வேலைக்கள்ளன், தண்ணி கூடிவிட்டது, விசர்.

மொன்றியலுக்கு வடக்கே மோன்-றொம்ப்ளோன் பனிமலையில் 2009 மார்ச் 16 அன்று நடிகை நற்றாஷா றிச்சர்ட்சன் பயிற்சிச் சரிவொன்றில் விழுந்தார். எழுந்து நன்றாகவே கதைத்தார். உதவி வேண்டாமென்றார். பின்னர் தலையிடி தொடங்கியது. மார்ச் 18 அன்று இறந்தார். மண்டையோட்டுக்குள் கசிந்த இரத்தம் மூளையை நெரித்திருந்தது. எழுந்து சிரிப்பது தப்பியதற்கு அத்தாட்சி அல்ல.

இரத்தம் கசியாவிட்டாலும் மூளை குலுங்கியதில் நரம்பிழைகள் இழுபட்டிருக்கலாம். ஸ்கானில் எதுவும் தெரியாமல் போகலாம். அநேகர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலருக்கு மாதங்கள், வருடங்கள் செல்லும். “நன்றாகத்தானே கதைக்கிறான்” என்பவர்களுக்கு இதே நகரத்தில் பதில் இருக்கிறது. 1934 இல் பென்ஃபீல்ட் நிறுவிய மொன்றியல் நரம்பியல் நிலையத்தில் ஆராய்ந்த பிரெண்டா மில்னர், நெற்றிப்பக்க மூளையில் ஒரு பகுதியைச் சத்திரசிகிச்சையில் இழந்தவர்களிடம் சீட்டுக்களைப் பிரிக்கக் கொடுத்தார். விதி மாறிய பின்பும் அவர்கள் பழைய விதிப்படியே பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதை 1963 இல் எழுதினார். அவர்கள் முட்டாள்கள் அல்லர். பிடிவாதமென்று நாம் ஏசுவது காயமாகவும் இருக்கலாம்.

2011 மார்ச் 8 அன்று பெல் சென்ரர் ஹொக்கி ஆட்டத்தில் மக்ஸ் பச்சியொறெற்றியின் தலை தூணில் மோதியது. ஊரே கொதித்தது, பொலிஸ் விசாரித்தது. அவர் ஓய்வெடுத்து, தேறி, அடுத்த பருவத்தில் திரும்பி வந்தார். நல்லது. எங்கள் குசினித் தலைக்கு யார் கொதித்தார்கள்?

“செல்லடிக்குத் தப்பி வந்த எங்களுக்கு இதெல்லாம் ஒரு காயமா?” என்று கேட்கிறார்கள். செல்துண்டு பட்ட தலைகளையும் நாங்கள் இப்படித்தானே விசரென்று மூலையில் இருத்தினோம்? அந்தக் கொடுமையைப் பெருமையாக்கி இங்கும் சுமந்து வந்திருக்கிறோம்.

“முதலாளி எங்கட ஆள், காட்டிக் கொடுக்கலாமா?” என்பது அடுத்த கேள்வி. கியூபெக்கில் 1985 இல் நடைமுறைக்கு வந்த தொழில் விபத்துச் சட்டம் யாருடைய பிழை என்று கேட்பதில்லை. வைத்தியரின் சான்றிதழோடு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் நிகர வருமானத்தின் 90 வீதம் கிடைக்கும். இதில் காட்டிக் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? சம்பளத்தில் பாதியைக் கணக்கில் காட்டாமல் கையில் கொடுப்பவருக்குத்தான் பயம். அந்தப் பயத்தை அடிபட்டவரின் தலையில் ஏன் கட்டுகிறோம்?

ஆறு மாதம் முடிய மூன்று கிழமை இருக்கையில் அண்ணையின் விண்ணப்பத்தை நிரப்பினோம். அவர் விழுந்ததைக் கண்டவர்கள் ஐந்து பேர். இன்றுவரை சாட்சி எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். மற்ற மூவரும் தினமும் அவரைச் சுகம் விசாரிக்கிறார்கள்.