மாடித் தோட்டத்தின் கணக்கு

திருவனந்தபுரத்தில் வீட்டுத் தோட்டம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், எல்லை தாண்டி வரும் நஞ்சு என்ற பேச்சும் உடன் எழுகிறது. தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பது குறித்து 2015ஆம் ஆண்டில் கேரளத்தில் பெரும் விவாதம் நடந்தது. மொட்டைமாடியில் பைகளை வரிசையாக வைத்துக் காய்கறி வளர்க்கும் வழக்கத்துக்கு அது புதிய வேகம் தந்தது. வழக்கம் வரவேற்கத்தக்கதே. ஆயினும், அதற்குச் சொல்லப்படும் காரணத்தையும் அதனிடம் எதிர்பார்க்கப்படும் பலனையும் சற்று நிதானமாக எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறியைப் பரிந்துரைக்கிறது. நால்வர் உள்ள குடும்பத்துக்கு இது நாளொன்றுக்கு 1.6 கிலோ, மூன்று மாதங்களுக்கு 144 கிலோ. ஒரு வெண்டைச் செடி தன் வாழ்நாளில் அரைக் கிலோ காய்த்தால் அது நல்ல விளைச்சலே. 25 பைகளிலும் வெண்டையே வைத்தாலும் 12.5 கிலோவுக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. தேவையில் பத்தில் ஒரு பங்கைக்கூட இது எட்டவில்லை.

எஞ்சிய பங்கை வெள்ளாயணி, கல்லியூர்ப் பகுதி உழவர்களும், ஒட்டன்சத்திரம், பாவூர்ச்சத்திரம், நாகர்கோவில் வடசேரிச் சந்தைகளிலிருந்து வரும் லாரிகளும் நிறைவு செய்கின்றன. 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு இந்த நகரத்தோடு ஒரே மாநிலத்தில் இருந்தது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்றே அது அறியப்பட்டது. நம் உணவில் பெரும்பங்கை விளைவிக்கும் உழவரை ஐயத்தோடு நோக்கிக்கொண்டு, சில பைகளால் அவரை விலக்கிவிடலாம் என எண்ணுவது கணக்குக்கும் ஒவ்வாது; நியாயத்துக்கும் ஒவ்வாது. எச்சம் குறித்த அக்கறை தேவைதான். அதற்கு உரிய வழி முறையான சோதனையும், அதன் முடிவு உழவருக்கும் உண்பவருக்கும் ஒருசேரத் தெரிவதும் ஆகும். வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியின் ஆய்வுக்கூடம் இப்பணியைச் செய்து வருகிறது.

அப்படியானால் வீட்டுத் தோட்டம் எதற்கு? விரைவில் வாடுபவற்றையும், கழுவிய உடனே இலையோடு உண்பவற்றையும் வளர்ப்பதற்கு. கறிவேப்பிலையும் கீரையும் முதலிடம் பெறவேண்டும். எச்சம் பற்றிய அறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறுவது கறிவேப்பிலை. வீட்டில் ஒரு மரம் இருந்தால் அந்தக் கவலை ஆண்டுக்கணக்கில் இல்லை. தண்டுக்கீரை விதைத்த ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும், பலமுறை கிள்ளலாம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் சந்தைக்கே விட்டுவிடலாம்.

வெயில் காலக் காய்கறிகளுக்கு இந்நகரின் தட்பவெப்பம் இயல்பாகவே பொருந்தும். வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே வெண்டை, கத்தரி, மிளகாய், பயற்றங்காய், புடல், பாகல் ஆகியவற்றுக்கு இங்கே தடையாவது குளிரன்று, மழையே. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் விதைத்துத் தை முதல் அறுவடை காண்பது புதியவர்களுக்கு எளிது. சிவப்புத் தண்டுக்கீரையை மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோய் எளிதில் தாக்கும். கோ-1 என்னும் பச்சை வகையை அதனோடு கலந்து விதைப்பது நல்லது.

மாடித் தோட்டம் கைவிடப்படுவதற்குப் பெருங்காரணம் சோம்பல் என்று சொல்லப்படுகிறது. எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. நன்றாக நின்ற தக்காளியும் கத்தரியும் ஒரே நாளில் துவண்டு சாய்வதைக் கண்டு மனம் தளர்ந்தவர்கள் பலர். கேரளத்தின் புளிப்பு மண்ணில் பரவலாகக் காணப்படும் பாக்டீரிய வாடல் நோயே அதற்குக் காரணம். கண்ணில் பட்ட விதையை வாங்காமல், கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய, நோயைத் தாங்கும் வகைகளைக் கேட்டு வாங்கவேண்டும்: கத்தரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா, தக்காளியில் சக்தி, மிளகாயில் உஜ்வலா. பயற்றங்காயில் வெள்ளாயணி ஜோதிகா, கீரையில் அருண் ஆகியவை இம்மண்ணின் நாட்டு வகைகளிலிருந்து தெரிவு செய்யப்பட்டவை. மண்ணில் சுண்ணாம்பு கலந்து இரண்டு வாரம் கழித்தே எருவிட வேண்டும். பைகளைச் செங்கல் மேல் வைத்தால் மாடித் தளமும் கெடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சந்தைக் காய்க்கு அஞ்சித் தோட்டம் போட்டவர், அசுவினியைக் கண்டதும் கடைக்கு ஓடிப் பூச்சிமருந்து வாங்கினால் தோட்டத்தின் நோக்கமே பாழாகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் அரைத்த பூண்டு, 5 கிராம் சோப்பு கலந்து மாலையில் தெளிப்பது பெரும்பாலும் போதும். தாக்குண்ட இலைகளை அன்றன்றே கிள்ளி எறிவது அதைவிட முக்கியம்.

‘ஓணத்துக்கு ஒரு முறம் பச்சக்கறி’ என்ற பெயரில் கேரள வேளாண்துறை விதையும் நாற்றும் வழங்குவது நல்ல முயற்சி. எனினும், பண்டிகையோடு முடிந்துபோகும் ஆர்வத்தைவிட, ஆண்டு முழுவதும் பேணப்படும் ஐந்து பைகள் மேலானவை. வாடிக்கையாளர்களுக்குத் தொடர் வைப்பு பற்றி விளக்கத் தேவையில்லை: தவணை சிறிதாயினும் தவறாமல் செலுத்தப்பட வேண்டும். தோட்டத்துக்கு நாள்தோறும் கால் மணி நேரமே தவணை.

அதன் வருவாய் ரூபாயில் பெரிதாக இராது. ஆனால் புழுவையும் மழையையும் வாடலையும் கடந்து அரைக் கிலோ வெண்டை பறித்தவருக்கு, சாலைக் கடைத்தெருவில் ஒரு கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்க மனம் எளிதில் வராது. உழவரின் உழைப்பை மதிக்கத் தெரிந்த நுகர்வோர் பெருகினால், எல்லையின் இருபுறத்தவர்க்கும் அது நன்மை.