கோழிவலையில் பூத்த கலை

தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் உலகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் டைசன், 2004 செப்டம்பரில் லண்டன் டிசைன் மியூசியத்தின் தலைவர் பதவியை உதறினார். அங்கே விஷயத்தைவிடப் பகட்டுக்குத்தான் மதிப்பு என்பது அவரது புகார். இந்தப் புயலுக்குக் காரணமானவர், 1960-லேயே மறைந்துவிட்ட கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை. பூ அலங்காரம் செய்தவர். அவரைப் பற்றிக் கண்காட்சி வைத்தது மியூசியம். இயந்திரங்களும் நாற்காலிகளும் இருக்கவேண்டிய இடத்தில் பூச்சாடியா என்று பொருமினார்கள் எதிர்ப்பாளர்கள்.

பூச்சாடிக்குள் என்ன இருந்தது என்று அவர்கள் எட்டிப் பார்த்திருக்கலாம்.

ஸ்ப்ரை, லண்டனின் ஏழைப் பகுதியில், வேலைக்குப் போகும் இளம் வயதினர் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியை. பூக்கடை தொடங்கியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1920-களின் இறுதியில் ஓல்டு பாண்ட் தெரு வாசனைத் திரவியக் கடை ஒன்றின் கண்ணாடி ஜன்னலில் அவர் வேலியோரத்துக் காட்டுக் கொடிகளைத் தொங்கவிட்டார். விலையுயர்ந்த ஆர்க்கிட் மலர்களும் அவற்றோடு சரிசமமாக நின்றன. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அடுத்து, சமையலறைக்குப் போகவேண்டிய கோஸ் வகை இலைகள், காய்ந்த விதைக்கூடுகள், யாரும் சீண்டாத களைச்செடிகள் எல்லாம் சீமாட்டிகளின் வரவேற்பறைக்குள் நுழைந்தன. வளைந்த கிளை வளைந்தே நின்றது. தொங்கும் கொடி தொங்கியது. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கும் அவர்தான் பூ அலங்காரம்.

இத்தனையையும் தாங்கிப் பிடித்தது கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலை. அதைக் கசக்கிக் கிண்ணத்தில் அழுத்தித் தண்ணீர் ஊற்றினால் போதும். தண்டு தன் போக்கில் நிற்கும். கழுவினால் மறுபடி உதவும். குறைந்த பொருளில் பெரிய வேலை. டிசைன் என்பதற்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்?

1954-ல் அமெரிக்காவிலிருந்து வந்தது பச்சை நிற நுரைக்கட்டி. தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், எந்தக் கோணத்தில் குத்தினாலும் பூ அசையாது. வேலை சுலபமானது. ஆனால் செடி சொன்னபடி கை போன காலம் முடிந்து, கை சொன்னபடி செடி நிற்கத் தொடங்கியது. நம் ஊர் கல்யாண வரவேற்பு மேடைகளில் ஜெர்பெரா பூக்கள் சிப்பாய்கள்போல் விறைத்து நிற்பதற்கும் இந்தக் கட்டிதான் துணை.

அது பிளாஸ்டிக். பூ வாடிவிடும், கட்டி மக்காது. நொறுங்கி நுண்துகள்களாகித் தண்ணீரில் கலக்கும். நீர்வாழ் உயிரினங்கள் அந்தத் துகள்களை விழுங்குகின்றன என்று ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி, செல்சீ உள்ளிட்ட தன் மலர்க் காட்சிகளில் 2021-ல் இந்த நுரைக்கட்டிக்குத் தடை போட்டது. அதே 2021-ல் லண்டன் தோட்டக்கலை மியூசியம் ஸ்ப்ரைக்கு மீண்டும் ஒரு கண்காட்சி வைத்தது. இந்த முறை யாரும் ராஜினாமா செய்யவில்லை.

இயற்கைதான் எங்கள் குரு என்று சொல்லாத பூ அலங்காரக் கலைஞர் இல்லை. சொல்வது உண்மைதானா என்பதைச் சாடிக்கு மேலே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பூக்களை விலக்கி, அடியில் பார்க்கவேண்டும்.