நிரலைச் சரிபார்க்கவும் நிதி கொடுங்கள்

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தலைமைச் செயல் அதிகாரி அவர்களுக்கு,



ஆய்வுக்கு நிரல் எழுத ஏஐ கருவிகளைத் தடை செய்யுங்கள் என்று கேட்டு இதை எழுதவில்லை. தாவரவியலோ நீரியலோ படித்துவிட்டு ஆய்வுக்கு வரும் மாணவிக்குப் பைத்தானில் ஒரு வரைபடம் போடவே வாரக்கணக்கில் ஆகும். வழிகாட்டிக்கும் பல நேரம் நிரல் தெரியாது. அவள் கையிலிருந்து கருவியைப் பிடுங்குவது அநியாயம். என் கவலை வேறு: கருவி எழுதும் நிரலை யார் படித்துப் பார்க்கிறார்கள்?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டவாரி மழைத் தரவையே பாருங்கள். தரவு இல்லாத இடத்தில் -999 என்று இருக்கும். அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மழையளவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். தப்பு உடனே கண்ணில் படும். கருவி யாரையும் கேட்காமல் அந்த எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டால்? நிரல் தடங்கலின்றி ஓடும், வரைபடமும் ஒழுங்காக வரும். தரவே இல்லாத இடம் மழையே பெய்யாத இடமாகிவிடும். ஒரு மாவட்டத்தில் மழை குறைவு என்று கட்டுரையும் வெளிவரும். அத்தனைக்கும் காரணமான ஒற்றை வரியை மனிதர் ஒருவரும் படித்திருக்க மாட்டார்.

ஏஐ வருமுன்பும் இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி சாங், புரத வடிவங்கள் பற்றி சயின்ஸ் இதழில் எழுதிய மூன்று கட்டுரைகளை 2006 டிசம்பரில் திரும்பப் பெற்றார். ஆய்வுக்கூடத்தில் புழங்கிய ஒரு நிரல் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றியிருந்தது. அவற்றில் முதல் கட்டுரை வந்தது 2001இல். சுவிட்சர்லாந்துக் குழுவொன்று அதே வகைப் புரதத்துக்கு வேறு வடிவத்தை வெளியிட்ட பிறகே தவறு தெரிந்தது. அன்று ஒரு கூடத்துக்கு ஒரு நிரல், அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். இன்று ஒவ்வொரு மாணவரும் நாளுக்கொரு புது நிரல் உருவாக்க முடியும். படித்துப் பார்ப்பவர் எண்ணிக்கைதான் கூடவில்லை.

தங்கள் மானியம் பெறும் ஆய்வுகள் கட்டுரையோடு நிரலையும் பொதுவில் வைக்க வேண்டும். எந்தப் பகுதி ஏஐ எழுதியது என்றும் சொல்ல வேண்டும். விடை முன்கூட்டியே தெரிந்த சிறு தரவில் அந்த நிரலை ஓட்டிக் காட்டவும் வேண்டும். இவற்றை விதியாக்குங்கள்.

விதி மட்டும் போதாது. நுண்ணோக்கி வாங்க நிதி ஒதுக்குகிறோம், அதைப் பராமரிக்கவும் ஒதுக்குகிறோம். நிரலைப் படித்துச் சரிபார்க்கும் ஆளுக்குச் சம்பளம் கேட்கப் பல விண்ணப்பங்களில் இடமே இருப்பதில்லை. சிறு கல்லூரிகள் நான்கைந்து சேர்ந்து அப்படி ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். அடுத்த மானிய அழைப்பிலேயே அதற்கு ஒரு செலவுத் தலைப்பு சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு வழிகாட்டி