டெஸ்க்டாப்பும் ஒரு மென்பொருள்தான்

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்ற வரியைத் தேர்ந்து ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் டாஸ்க்பார் காணாமல் போகும், ஐகான்கள் மறையும், ஓரிரு நொடியில் எல்லாம் திரும்பி வரும். திறந்திருந்த ஃபோல்டர் ஜன்னல்கள் மூடிக்கொள்ளலாம். பாதியில் அடித்துக்கொண்டிருந்த கடிதம் அப்படியே இருக்கும். ஓடிக்கொண்டிருந்த பாட்டும் நிற்காது.

கம்ப்யூட்டர் என்றாலே கண்முன் வரும் அந்தத் திரை, வேர்டு போல, பிரவுசர் போல, இன்னொரு மென்பொருள். அதற்கு ‘ஷெல்’ என்று பெயர். மென்பொருள் என்றால் மாற்றலாம். இதை மனதில் வாங்கிக்கொண்டால் டெஸ்க்டாப்பை மாற்றுவது பற்றிய பாதிப் பயம் போய்விடும். பாதி மயக்கமும் போய்விடும்.

விண்டோஸ் 3.1 காலத்தில் இந்த வேலையைப் பார்த்தது புரோகிராம் மேனேஜர். 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது அந்த இடத்துக்கு எக்ஸ்ப்ளோரர் வந்தது. எந்த நிரல் ஷெல்லாக ஓட வேண்டும் என்பது அப்போது ஓர் அமைப்புக் கோப்பில் ஒற்றை வரியாக எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரியை மாற்றித்தான் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் லைட்ஸ்டெப் என்ற மாற்று ஷெல்லைப் பலர் போட்டுக்கொண்டார்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் நெக்ஸ்ட்ஸ்டெப்பைப் பார்த்து யூனிக்ஸ் பக்கம் ஆஃப்டர்ஸ்டெப் உருவானது. அதைப் பார்த்து விண்டோஸில் லைட்ஸ்டெப். அதன் எல்லா அமைப்புகளும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் கையால் எழுத வேண்டியவை. விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், மற்றவர்களுக்கு அல்ல.

லினக்ஸ் இயங்குதளத்தில், டெஸ்க்டாப் தனி மென்பொருள் என்ற இந்தப் பிரிவினை தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆனால் அங்கே வேறு தொல்லை: ஒரு நிரலின் பொத்தான் ஒரு மாதிரி, அடுத்ததன் மெனு வேறு மாதிரி. 1996 அக்டோபர் 14 அன்று மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மானிய மாணவர், சாதாரணப் பயனாளருக்கு ஒரே சீரான டெஸ்க்டாப் வேண்டும் என்று அறிவித்துத் தொடங்கியதுதான் கேடிஈ. முதல் பதிப்பு 1998இல் வந்தது. இன்று அதன் டெஸ்க்டாப்புக்குப் பிளாஸ்மா என்று பெயர்; ஆறாம் பதிப்பு 2024 பிப்ரவரியில் வெளியானது. ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை டெஸ்க்டாப் முறைக்கு மாற்றினால் வருவதும் இதுவே.

பிளாஸ்மாவுக்குள்ளும் அடுக்குகள் உண்டு. பேனல், மெனு, கடிகாரம், வால்பேப்பர் ஆகியவற்றை வரைவது பிளாஸ்மாஷெல். ஜன்னல்களை நகர்த்துவது, அடுக்குவது, அவற்றின் தலைப்புப் பட்டையை வரைவது எல்லாம் கேவின் என்ற வேறொரு நிரலின் பொறுப்பு. அதனால் பேனல் ஏதோ காரணத்தால் விழுந்தாலும் ஜன்னல்கள் விழுவதில்லை. அமைப்புகளில் எதை எங்கே தேடுவது என்ற குழப்பமும் இதனால் தீரும். ஜன்னலின் நடத்தை பிடிக்கவில்லையா, தீம் மாற்றிப் பயனில்லை. ‘விண்டோ மேனேஜ்மென்ட்’ பகுதிக்குப் போக வேண்டும்.

மாற்ற முடிந்தவை ஏராளம். டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து எடிட் மோடுக்குள் போனால் பேனலைத் திரையின் எந்த ஓரத்துக்கும் கொண்டுபோகலாம், இரண்டாவது பேனல் சேர்க்கலாம், வேண்டாத விட்ஜெட்டை எடுத்துவிடலாம். கீபோர்டு குறுக்குவழி ஒவ்வொன்றையும் உங்கள் விரலுக்கு ஏற்ப மாற்றலாம். திரையைக் கனசதுரமாகச் சுழற்றும் வித்தைகூட உண்டு; வீட்டுக்கு வருபவர்களுக்குக் காட்டத்தான் அது பயன்படும். என் கணிப்பில் உண்மையான லாபம் இரண்டு இடத்தில் இருக்கிறது: பேனலின் இடம், குறுக்குவழிகள். அகலத் திரையில் பேனலைப் பக்கவாட்டில் வைத்தால் படிக்கும் உயரம் கூடும். ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தினால் வரும் கே-ரன்னரில் பெயரின் முதல் எழுத்துகளை அடித்தாலே நிரல் திறக்கும், சின்னக் கணக்கும் போட்டுக்கொள்ளலாம். நிறமும் ஐகானும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, டெஸ்க்டாப்பை மாற்றினால் எவை மாறாது என்பது. உங்கள் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகம் கூடாது. முக்கியமாக, விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அதன்மேல் மாற்று ஷெல் ஒன்றைப் போட்டால் முகம் புதிதாகும், அடியில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டை அடைபடாது. பிளாஸ்மாவைத் தினசரி டெஸ்க்டாப்பாக வைத்துக்கொள்வது என்றால் லினக்ஸையே நிறுவுவது என்று பொருள். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் நடத்துபவர் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

தீம் என்றதும் வெறும் படமும் நிறமும் என்று நினைப்பது இன்னொரு தவறு. பிளாஸ்மாவின் ‘குளோபல் தீம்’ தன்னோடு நிரலையும் கொண்டுவர முடியும். 2024 மார்ச்சில் ஒருவர் நிறுவிய அப்படிப்பட்ட ஒரு தீம் அவருடைய கோப்புகளை அழித்துவிட்டது. சரியாக எழுதப்படாத ஒரு ஸ்கிரிப்ட்தான் காரணம். பிறர் பதிவேற்றும் தீம்களில் கவனம் தேவை என்று கேடிஈ தரப்பே அப்போது எச்சரித்தது. வண்ணத் தொகுப்பையும் வால்பேப்பரையும் தனித்தனியாக எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. அதிகம் பேர் பயன்படுத்தாத குளோபல் தீம் பக்கம் போகாதீர்கள்.

தமிழில் எழுதுபவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது தமிழ்த் தட்டச்சை. மெனுக்களைத் தமிழில் காட்டுவது மொழி அமைப்பின் வேலை; தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பது ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு நிரல்களின் வேலை. இரண்டும் வெவ்வேறு. எவ்வளவு அழகான டெஸ்க்டாப்பாக இருந்தாலும் ஒரு பத்தி தமிழ் தடங்கலின்றி அடிக்க முடியாவிட்டால் அது உங்களுக்கு ஆகாது.

சோதிப்பதற்கு எதையும் அழிக்கத் தேவையில்லை. லினக்ஸ் தொகுப்புகளான குபுன்டு அல்லது ஃபெடோராவின் கேடிஈ பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால், ‘இன்ஸ்டால்’ கொடுக்காதவரை ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது அப்படியே இருக்கும். ஏற்கெனவே வேறு டெஸ்க்டாப்போடு லினக்ஸ் வைத்திருப்பவர் பிளாஸ்மாவையும் நிறுவிக்கொண்டு, உள்நுழையும் திரையில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மெனுவில் கோப்பு மேலாளர் இரண்டு, எழுத்துத் திருத்தி இரண்டு என்று கூட்டம் சேரும், அமைப்புகளும் ஒன்றோடொன்று கலக்கும். புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து அதில் பழகுங்கள். அமைப்புகள் ஒவ்வொரு பயனருக்கும் தனியாகச் சேமிக்கப்படுவதால் உங்கள் பழைய கணக்கு கலையாது. பிடிக்கவில்லை என்றால் அந்தக் கணக்கை நீக்கிவிடலாம்.