‘நான்’ அழியாத ஞானம்

மெய்ஞ்ஞானம் என்பது உலகை விட்டு ஓடுவதே என்று சிலர் மேடைதோறும் முழங்குகின்றனர். இதனை நாம் மறுக்கிறோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095இல் பக்தாது நிஜாமிய்யாக் கலாசாலையின் பேராசிரியர் பதவியைத் துறந்தார்கள். ஏன்? தம் போதனைக்குத் தூண்டுகோல் புகழாசையே என்பதைத் தம் உள்ளத்தில் கண்டார்கள். டமாஸ்கஸிலும் பைத்துல் முகத்தஸிலும் தனித்திருந்து நப்ஸோடு போராடினார்கள். ஆயினும் 1106இல் நிஷாப்பூரில் மீண்டும் பாடஞ்சொல்ல அமர்ந்தார்கள். முன்பு போதித்தது பெருமையை ஈட்டித்தரும் கல்வி, இப்போது போதிப்பது பெருமையைத் துறக்கச் செய்யும் கல்வி என அவர்களே எழுதிவைத்தார்கள்.

பணி அதுவே, பணிக்குள் இருந்த ‘நான்’தான் வெளியேறியது.

‘பனா’வைப் பற்றி மணிக்கணக்கில் பேசி, பெயருக்கு முன்னே பட்டங்களை அடுக்கி, முத்தமிடக் கரம் நீட்டும் பெரியோர்களைக் கேட்கிறோம்: தங்களுக்குள் அழிந்தது எது?